எடுத்து வைங்க, நாளைக்கு வர்றேன்

எங்கள் தோட்டத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவில் சமைத்துக்கொண்டு, துரைசாணியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எட்டு வருடம் இருந்தாள். அதனால் பங்களாக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் பங்களாக்காதான். என் அம்மா மட்டும் தங்கச்சி என்பாள்.

துரைசாணி கேகாலைக்குச் சாமான் வாங்கப் போகும்போது சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனவள் அவள். பின்னால் போனதாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "நானும் துரைசாணியும் போனோம்" என்றுதான் சொல்வாள். துரைசாணிக்குப் பிடித்த சேலையைச் சொல்லும்போது, "எங்களுக்கு அந்தப் பச்சை ஒத்துக்கல" என்பாள்.

அவர்கள் போன கடை கேகாலை மெயின் ரோட்டில் மூன்று மாடி. கீழே சென்ட்டு, கைக்கடிகாரம், பீங்கான். நடு மாடியில் சேலை. மேலே சப்பாத்து, சூட்கேஸ், பள்ளிக்கூட வெள்ளைத் துணி. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், போகவர லிப்ட். எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடை என்றால் கொஞ்சம் பயம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து விற்கிறவர்களிடம் பேரம் பேசத் தெரியும். விலை ஒட்டி வைத்திருக்கிற இடத்தில் என்ன பேசுவது?

அங்கேதான் பங்களாக்கா வேண்டும். கல்யாணமா, சடங்கா, தீபாவளியா, எந்த வீட்டார் பெரிய கடைக்குப் போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பஸ் டிக்கட், பகல் சோறு, வரும்போது ஒரு பிளேன்டீ எல்லாம் அந்த வீட்டுச் செலவு. "அந்தக் கடையில என்னைத் தெரியாத ஆள் கெடையாது" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவாள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கால் வைத்ததும் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும். எங்கள் தோட்டத்தில் சிங்களம் தெரியாதவர் யார்? எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களோடேயே சிங்களத்தில் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். கையை லேசாக ஆட்டி, "என்ன, என்ன" என்று கூப்பிடுவாள். சிங்களத்தில் அதற்கு 'வாங்க, வாங்க' என்று அர்த்தம். என் அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, "ஒண்ணுமில்லையே தங்கச்சி, சும்மாதான் நிக்கிறோம்" என்று தமிழில் பதில் சொல்வாள்.

உள்ளே நடந்துகொள்ள எங்களுக்குச் சட்டதிட்டம் வைத்திருந்தாள். போனவுடனே துணியைப் பார்க்கக் கூடாது, முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். துரைசாணி அப்படித்தான் பார்ப்பாளாம். விலையை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மலிவாக இருக்கிறதே என்பது மாதிரி உதட்டைப் பிதுக்க வேண்டும். அப்புறம் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம்... நூல் சரியில்ல" என்று சொல்ல வேண்டும். இதை எல்லோரும் செய்ய முடியாது. அவள் மட்டும்தான் செய்வாள். நாங்கள் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும்.

ஒருமுறை பீங்கான் அடுக்கியிருந்த மேசையில் விரித்திருந்த துணியைத் தேய்த்துப் பார்த்து, ரொம்பப் பிடித்துப்போய், என்ன விலை என்று கேட்டுவிட்டாள். அங்கே நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது விற்பனைக்கு இல்லை, கடையுடைய மேசைவிரிப்பு என்றாள். வேறு யாராக இருந்தாலும் கூனிக்குறுகி வெளியே ஓடியிருப்பார்கள். பங்களாக்கா துணியைக் கையிலிருந்து விடவில்லை.

"அதானே பார்த்தேன். நல்ல சாமானை நீங்க எங்க விக்கப் போறீங்க?" என்றாள்.

அந்தப் பெண்தான் மன்னிப்புக் கேட்டாள். அதுதான் பங்களாக்கா.

இன்னொரு கதை எங்கள் பெரியப்பாவுடையது. றப்பர் பால் வெட்டுகிற மனுஷன். மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும், உள்ளே தரை அப்படிப் பளபளக்கிறதே என்று செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். மூன்று மாடியும் வெறுங்காலோடு சுற்றினார். பங்களாக்கா அதை முதலிலேயே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் செருப்பு இல்லை. குப்பையென்று நினைத்துக் கூட்டுகிறவர் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கேகாலையிலிருந்து தோட்டம் வரைக்கும் பெரியப்பா வெறுங்காலோடு வந்தார். பங்களாக்கா பஸ்ஸில் நான்கு சீட் தள்ளி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, பாத்தீங்கள்ல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று பெரியம்மா பிறகு பங்களாக்காவிடம் கேட்டாள்.

"அந்த எடத்துல வச்சு, 'மாமா, செருப்பப் போடுங்க'ன்னு நான் கத்துறதா? அவங்க என்னையப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

'அவங்க' என்று அவள் சொன்னால் அது கடைக்காரர்கள். அவர்கள் நினைப்பதுதான் அவளுக்குக் கணக்கு. நாங்கள் நினைப்பதெல்லாம் தோட்டத்தோடு போயிற்று.

யாருக்கும் எதுவும் வாங்க வேண்டியதில்லாத சனிக்கிழமைகளிலும் அவள் தனியாகப் போவாள். எட்டு மணி பஸ்ஸில் போய் இரண்டு மணி பஸ்ஸில் வெறுங்கையோடு வருவாள். என்ன செய்தாய் என்று கேட்டால், "எடுத்து வைக்கச் சொல்லிட்டு வந்துருக்கேன்" என்பாள். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது என் கல்யாணச் சேலை எடுக்கப் போன அன்றைக்குத்தான்.

நான், அம்மா, பங்களாக்கா மூன்று பேரும் போனோம். நடு மாடியில் லிப்ட் திறந்தது. சேலைப் பக்கம் நின்ற இரண்டு பெண்களும் எங்களைப் பார்த்துவிட்டு ஒருத்தி தோளை ஒருத்தி இடித்தாள். "ஹெட்ட நோனா ஆவா" என்றாள் ஒருத்தி. ஹெட்ட என்றால் நாளைக்கு, நோனா என்றால் மேடம். நாளைக்கு நோனா வந்துவிட்டாள். "இன்னைக்கு உன்னோட முறை, நான் போன வாரம் பார்த்தேன்" என்றாள் மற்றவள்.

பங்களாக்கா நேராகப் போய் ஒரு நீலச் சேலையை விரிக்கச் சொல்லி, தோளில் போட்டு, கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்து, அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "நங்கி, மேக்க பெத்தகின் தியன்ன. மங் ஹெட்ட எனவா." தங்கச்சி, இதை எடுத்து வைங்க, நான் நாளைக்கு வர்றேன். அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சரி நோனா" என்று சேலையை வாங்கி, நாங்கள் இரண்டு அடி நகர்வதற்குள் பழைய இடத்திலேயே மடித்து வைத்தாள்.

கடையில் தன்னைத் தெரியாதவர்கள் இல்லை என்று பங்களாக்கா சொன்னது பொய்யில்லை. தெரிந்துதான் வைத்திருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்ல காதுக்காரி. ஆனால் அந்தப் பெண்களைப் பார்த்து, வேலை பழகுகிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போனாள்.

என் சேலை அரக்குச் சிவப்பு, சின்னச் சரிகைக் கரை. அதைத் தேடி எடுத்தது அவள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அடி அடுக்கிலிருந்து இழுத்து எடுத்தாள். அம்மா கீழே காசாளரிடம் காசு கட்டினாள். சேலையைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பங்களாக்கா முன்னால் நடந்தாள். பத்து அடி பின்னால் நாங்கள். அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அம்மா தாண்டும்போது வாசலில் இருந்த திருட்டுப் பிடிக்கிற மெஷின் 'கீ' என்று கத்தத் தொடங்கியது.

நீலச் சட்டைக் காவல்காரர் ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டை கட்டின சூப்பர்வைசர் ஒருத்தர் வந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியே நின்ற பங்களாக்காவைக் காட்டி, "அவங்க உங்களோட வந்தவங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பங்களாக்காவைப் பார்த்தாள். அவர் பங்களாக்காவிடமே கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாசலோரக் கண்ணாடிக்குள் வைத்திருந்த கைக்கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டே, "மம தன்னெ நே" என்றாள்.

'எனக்குத் தெரியாது.'

அம்மாவின் பையைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தார்கள். வெற்றிலைப் பொட்டலம் விழுந்தது. குடை, தைலப் போத்தல், ஒரு பழைய பஸ் டிக்கட், மத்தியானம் சாப்பிடக் கட்டிக்கொண்டு வந்த ரொட்டி. சேலையைப் பிரித்து உதறினார்கள். உள்மடிப்பில் வெள்ளைப் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருந்தது. காசு வாங்கினவர் கழற்ற மறந்த பொத்தான். பில்லைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சூப்பர்வைசர் "சொரி, சொரி" என்று இரண்டு தரம் சொன்னார். வெற்றிலையை அம்மாவே பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் பங்களாக்கா உள்ளே வந்தாள். வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும்! காவல்காரரைப் பார்த்து, "இவங்க யாருன்னு தெரியுமா? மானமா வாழுற குடும்பம்! ஒரு மனுஷியோட கையப் புடிச்சு இழுக்கிறதா? நான் துரைசாணிகிட்ட சொல்லட்டா?" என்று சிங்களத்தில் ஒரு பிடி பிடித்தாள். மேல் மாடியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் அவளிடமும் ஒரு சொரி சொன்னார். அவள் அதைத் தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் அம்மா மூன்று டிக்கட் எடுத்தாள். ரொட்டியை அம்மா மூன்றாகப் பிய்த்துச் சம்பலோடு கொடுத்தாள். பங்களாக்கா தன் பங்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சம்பலுக்கு உப்புக் காணாது என்றாள்.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையை அவளே சொன்னாள். மெஷின் கத்தியது, காவல்காரர் பாய்ந்தது, இவள் குறுக்கே விழுந்து மறித்தது. "கையை எடுடா முதல்ல, இவங்க என்னோட ஆளுங்க"ன்னு சொன்னேன், அப்படியே நடுங்கிட்டான் என்றாள். பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அம்மா வடைத் தட்டோடு அவளுக்கு நேரே நின்றாள். இப்போது அம்மா ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நான் மணவறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவள் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

மறுவீடு வந்தபோது கேட்டேன். "ஏம்மா வாயத் தொறக்கல?"

"என்னன்னு தொறக்கச் சொல்ற? அவ தெரியாதுன்னு கைய விரிச்சத சொன்னா, என் பையக் கவுத்ததையும் சொல்லணும். உன் மாமியாரு பக்கத்து எலைல உக்காந்திருந்தா."

நான் வாழ்க்கைப்பட்டு மாவனெல்லைக்குப் போய்விட்டேன். அந்த வருடமே துரைக்கு மாற்றம் வந்தது. துரைசாணி போகும்போது பங்களாக்காவுக்கு என்ன கொடுப்பாள் என்று தோட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். பழைய பிரிட்ஜ் என்றார்கள் சிலர், தையல் மெஷின் என்றார்கள் சிலர். அந்தத் தையல் மெஷினை அவளே எட்டு வருடம் துடைத்து எண்ணெய் போட்டவள். துரைசாணி ஒரு தங்க நிறக் கவரைக் கொடுத்தாள். உள்ளே கேகாலைப் பெரிய கடையின் கிஃப்ட் வவுச்சர். ஐயாயிரம் ரூபாய்க்கு விரும்பினதை எடுத்துக்கொள்ளலாம். மெஷின் லொறியில் ஏறிப் போயிற்று.

அடுத்து வந்த துரை தன்னோடு வேலைக்கு ஆள் கொண்டுவந்தார். பங்களாக்கா வாளியையும் கத்தியையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் பால் வெட்டப் போனாள். ஆனால் வவுச்சரைக் காட்டாத வீடு இல்லை. "பாத்தீங்களா, அந்தக் கடையே எனக்கு எழுதிக் குடுத்த மாதிரிதான்" என்பாளாம். தங்க நிறம் மங்கிவிடக் கூடாது என்று டவுனில் கொடுத்து அதை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டாள். எதையாவது வாங்க வேண்டியதுதானே என்று கேட்டால், "அதுக்குத் தகுந்த சாமான் இன்னும் வரல" என்று சொல்லிவிடுவாள். சனிக்கிழமை தவறாமல் போனாள், எடுத்து வைக்கச் சொன்னாள், வந்தாள்.

இரண்டரை வருடம் கழித்து, நான் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து வாசலில் நின்றாள்.

"நாளைக்கு நான் சாமான் எடுக்கப் போறேன். நீ வர்றியா? பெட்டி பாரமா இருக்கும்."

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். உதவி செய்யப் போனேன் என்று சொன்னால் பொய். அவள் காசாளர் முன்னால் நின்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் போனேன்.

பஸ்ஸில் வவுச்சரை என் கையில் கொடுத்தாள், பெருமைக்கு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், லேமினேட்டுக்கு அடியில், எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஒரு வருடத்துக்குள் பாவிக்க வேண்டும். கொடுத்த தேதியும் போட்டிருந்தது. முடிந்து ஒரு வருடத்துக்கு மேலே ஆகியிருந்தது.

பஸ் இன்னும் பாதித் தூரம்கூடப் போகவில்லை. சொல்லியிருக்கலாம். அக்கா, இது செல்லாதுக்கா, வாங்க இறங்கிடுவோம் என்று ஒரு வார்த்தை. வவுச்சரைத் திருப்பிக் கொடுத்து, "அழகா இருக்குக்கா" என்றேன்.

அன்றைக்கு அவள் கூரையைப் பார்க்கவில்லை. எதையும் தேய்க்கவில்லை. நேரே பீங்கான் பக்கம் போய், நீலக் கரை போட்ட தட்டு ஆறு, கோப்பை ஆறு உள்ள பெட்டியைக் காட்டினாள். பங்களாவில் இருந்த மாதிரியே என்றாள். லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவில் அவள் ஒருத்திதான், மகன் கொழும்பில். ஆறு பேர் யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே நின்ற பெண் பழக்கத்தில், "எடுத்து வைக்கவா நோனா?" என்றாள்.

"வேணாம். பில் போடுங்க."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

காசாளர் இளம்பெண். வவுச்சரை மெஷினில் காட்டினாள், மெஷின் எடுக்கவில்லை. நகத்தால் லேமினேட்டைச் சுரண்டினாள். திருப்பினாள். எழுத்தைப் படித்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம்தான், வேறென்ன. கவிழ்த்த பையிலிருந்து வெற்றிலை விழுந்த அதே கண்ணாடி மேசை.

"நோனா," அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "இதோட தேதி முடிஞ்சிருச்சு. ஒரு வருஷத்துக்கு மேலாகுது. பாவிக்க ஏலாது."

எங்களுக்குப் பின்னால் நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். பங்களாக்காவின் கை மேசையில் இருந்தது. பால் கறை ஏறிக் கறுத்த நகம். அந்தக் கையை அவள் மெதுவாக எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் தலையை நிமிர்த்தினாள்.

"தெரியும் மிஸ்" என்றாள், நல்ல சிங்களத்தில். "முடிஞ்சதைக் கையில வச்சிருக்கிறது சரியில்லைதானே. திருப்பிக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

காசாளர் வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். "தாங்க்யூ நோனா" என்றாள் கடைசியில். பங்களாக்கா தலையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். கதவைத் திறந்து பிடித்த காவல்காரரைப் பார்த்து, வெயில் கூடிப்போச்சு என்று வேறு சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இடையில் ஒருதரம், "அந்தத் தட்டுல நீலம் கொஞ்சம் மட்டம்தான்" என்றாள்.

தோட்டத்துக்கு வந்துதான் கடையில் நடந்ததைச் சொன்னேன். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னேன், கோயிலடியில் சொன்னேன், கேட்டவர்களுக்கு அவள் மாதிரியே நின்று, கையை முந்தானைக்குள் இழுத்து நடித்துக் காட்டினேன். இரண்டு நாளில் எல்லா லயத்திலும் இதுதான் சிரிப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவள் வந்தால், "தெரியும் மிஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். அம்மாவும் நான் நடித்துக் காட்டியபோது சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "தேதி முடிஞ்சத பஸ்ஸுல வச்சே பாத்துட்டியா நீ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை, பிள்ளைக்குக் காது குத்த உடுப்பு எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அம்மா கேட்டது மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு அடுத்த லயத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். பங்களாக்கா வாசற்படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, சனிக்கிழமை நம்மளோட பெரிய கடைக்குக் கொஞ்சம் வர்றியா?" என்றாள் அம்மா.

அவள் நிமிரவில்லை. ஒரு கொட்டையை உரித்து முடித்துச் சட்டியில் போட்டாள்.

"வர்றேன் அக்கா. எனக்கும் அங்க கொஞ்சம் வேலை இருக்கு." அப்புறம் என் பக்கம் தாடையைக் காட்டினாள். "இவள மட்டும் கூட்டிட்டு வராதீங்க. அவங்களுக்கு முன்னால மூஞ்சிய ஒரு மாதிரியா வச்சிக்கிறா."

சனிக்கிழமை எட்டு மணி பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.